வெள்ளைக் கட்டைத் தூளும் மாரம்மாவின் புழு அறையும்

அனுப்புநர்:
அ. சாராள்,
ஆரம்பப் பாடசாலை ஆசிரியை,
க/பெ. அற்புதராஜ் (கடைசல் தொழிலாளி),
மாரம்மா வீட்டுப் பின்கட்டு, கீழ் வீதி,
மத்திகிரி, ஓசூர் தாலுக்கா, சேலம் ஜில்லா.

பெறுநர்:
உயர்திரு சப் கலெக்டர் அவர்கள்,
ஓசூர்.

பொருள்: என் கணவருக்கு வந்தது மலேரியா அல்ல என்பது பற்றியும், அதை மலேரியா என்று வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கார அம்மாளின் பட்டுப்புழு அறையில் இரண்டாம் முறை டி.டி.டி. மருந்து அடிக்கவிருப்பதை நிறுத்தக் கோரியும்.

பார்வை: மலேரியா ஒழிப்புப் பணியைக் கவனிக்கும் அலுவலருக்கு நான் எழுதிய மூன்று மனுக்கள். அவற்றுக்கு வந்த பதில்: இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்கண்ட விலாசத்தில் குடியிருக்கும் நான் தங்கள் சமூகத்திற்குப் பணிவுடன் எழுதிக்கொள்வது. இதே விஷயமாக இது நான்காவது மனு. முதல் மனுவை வருத்தத்தோடு எழுதினேன். இரண்டாவதைக் கோபத்தோடு எழுதினேன். மூன்றாவதில் என்ன எழுதினேன் என்பதே இப்போது நினைவில் இல்லை. ஆகையால் இதில் நடந்ததை நடந்தபடி மட்டும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் கட்டுரையை நீட்டி எழுதினால் சிவப்பு மையால் அடிக்கிறவள் நான். ஆனாலும் இது நீளும். ஐயா அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

2. நாங்கள் மாரம்மா என்ற விதவையின் வீட்டில் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறோம். முன்கட்டில் அவர் பட்டுப்புழு வளர்க்கிறார். இரண்டு கட்டுக்கும் ஒரே கூரை. நடுவில் கூரையை எட்டாத ஒரு மண்சுவர். வீட்டுக்குப் பின்னால் அவருடைய முசுக்கொட்டைத் தோட்டம். அந்த இலை புழுவுக்குத் தீனி, அந்தப் புழு கட்டும் கூடு மாரம்மாவுக்குச் சோறு. வேறு நிலமோ பிள்ளையோ அவருக்கு இல்லை. வீட்டில் கன்னடமும் சந்தையில் தெலுங்கும் எங்களோடு தமிழும் பேசுவார். புழுக்களோடு மூன்றிலும் பேசுவார். பட்டுப்புழுவுக்கு வாசனை எதுவும் ஆகாது. நான் தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாலே விரட்டுவார். புகையிலை என்றால் கேட்கவே வேண்டாம். என் கணவர் பீடி பிடிக்கிறவர் என்று தெரிந்ததும், வீட்டு எல்லைக்குள் பீடி பற்றவைக்கக் கூடாது என்று சொல்லித்தான் எங்களைக் குடிவைத்தார். அவரும் அப்படியே நடந்துகொண்டார். பீடி பிடித்ததெல்லாம் பட்டறையில் மட்டுமே. இதை ஐயா அவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

3. பட்டறை என்பது ஜூஜுவாடிக்குப் பக்கத்தில், மைசூர் ராஜ்ய எல்லைக்கு இப்பால், பெருஞ்சாலை ஓரமாக இருக்கும் ஒரு தகரக் கொட்டகை. ஆயில் என்ஜினில் ஓடும் கடைசல் இயந்திரங்கள் உண்டு. சென்ற வருஷம் முதல் பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்காக, சீமையிலிருந்து வரும் ஒரு புதுப் பிளாஸ்டிக்கை அங்கே கடைகிறார்கள். பெட்டியின் மேல் பாலிடெட்ராஃப்ளூரோஎத்திலீன் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறதாம். கணவர் எழுத்துகளைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தார். நான் கூட்டிப் படித்துக் காட்டியபோது பாதியிலேயே போதும் என்றார். பட்டறையில் அதற்குப் பெயர் வெள்ளைக் கட்டை.

இந்தக் கட்டை பார்ப்பதற்கு மெழுகு போலிருக்கும், தொட்டால் வழுவழுக்கும். கையில் எடுத்தால் நினைத்ததைவிடக் கனக்கும். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். எந்தத் திராவகத்தில் போட்டு வைத்தாலும் அரிக்காது. எண்ணெயோ கோந்தோ அதில் ஒட்டாது. மின்சாரம் பாயாது. எண்ணெய் காயும் சூட்டையும் தாங்கும். ஆகையால் திராவகம் ஓடும் குழாய்களின் மூட்டுக்கு வளையங்கள், வால்வுகளுக்கு உள்ளே அடைப்புகள், மின்சாரக் கருவிகளில் கம்பியைத் தாங்கும் சிறு குமிழ்கள் என்று பலவும் இதில் செய்கிறார்கள். ஒரு குறை மட்டும் உண்டு. இறுக்கிப் பிடித்தால் கொஞ்சங்கொஞ்சமாக நசுங்கி அளவு மாறிவிடும். அதோடு மல்லுக்கட்டும் பொறுமை மற்றவர்களுக்கு இல்லாததால் அந்த வேலையில் பெரும்பங்கு என் கணவரிடம் வந்து சேர்ந்தது.

கடையும்போது சீவல் நீளநீளமாகச் சுருண்டு விழும். அதனால் தொந்தரவு இல்லை. தூள்தான் தொந்தரவு. எதுவும் ஒட்டாத கட்டையின் தூள் எல்லாவற்றின் மேலும் போய் ஒட்டிக்கொள்கிறது. சட்டையில், கை ரோமத்தில், விரல் இடுக்கில், சட்டைப் பையில் கிடக்கும் பீடிக் கட்டில்.

4. சென்ற ஆடி மாதம் முதல் என் கணவருக்குக் காய்ச்சல் வரத் தொடங்கியது. சாயங்காலம் வேலை விட்டு வரும்போதே மார்பை இறுக்கும். வறட்டு இருமல். பிறகு குளிர் கண்டு பல்லோடு பல் அடித்துக்கொள்ளும். விடிந்தால் ஒன்றும் இருக்காது. பழையது சாப்பிட்டுவிட்டுச் சைக்கிளை எடுப்பார். சில நாள் வரும், சில நாள் வராது. ஞாயிற்றுக்கிழமை வந்ததே இல்லை. சர்க்கார் வைத்தியர் கையைப் பிடித்துப் பார்த்தவுடனே மலேரியா என்றார். இரண்டு தடவை ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்த்தார்கள். கிருமி ஒன்றும் தெரியவில்லை. கிருமி ஒளிந்துகொண்டிருக்கும் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். மாத்திரை சாப்பிட்ட மறுநாள் காலை காய்ச்சல் இல்லை. சாப்பிடாவிட்டாலும் மறுநாள் காலை இருக்காது என்பதை நான் சொல்லிப் பார்த்தேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

5. எங்கள் பக்கத்தில் மருந்து அடிக்க வருகிறவர்கள் முன்பெல்லாம் பட்டுப்புழு வளர்க்கும் அறையை விட்டுவிட்டு மற்ற இடங்களில் மட்டும் அடித்துவிட்டுப் போவார்கள். ஆனால் என் கணவரை வைத்து எங்கள் வீடு காய்ச்சல் கண்ட வீடு என்று கணக்கில் ஏறிவிட்டது. பொங்கல் கழிந்து பம்புகளோடு வந்தவர்கள், காய்ச்சல் கண்ட வீட்டில் ஒரு சுவரையும் விடக்கூடாது என்று உத்தரவு என்றார்கள். மாரம்மா வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றார். புழுத் தட்டுகளை வேறு வீட்டுக்கு மாற்ற ஒரு நாள் மட்டும் கொடுங்கள் என்று கேட்டார். அன்றே அடுத்த கிராமத்துக்கும் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு அடித்துவிட்டார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. பகல் முழுதும் அந்தப் பம்பைச் சுமக்கிறவர்களுக்கு என்ன தெரியும்?

புழுக்கள் அப்போது நான்காவது முறை தோலுரித்து, கூடு கட்டுவதற்கு முன் ஓயாமல் தின்கிற பருவத்தில் இருந்தன. அவை இலை தின்னும் சத்தம் எங்கள் பின்கட்டு வரை கேட்கும். அன்று பொழுது சாய்வதற்குள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டின, பச்சையாகக் கக்கின, முறுக்கிக்கொண்டு கீழே விழுந்தன. மறுநாள் சத்தம் இல்லை. மாரம்மா யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல், தட்டுத் தட்டாகக் கொண்டுபோய்க் குப்பைக் குழியில் கொட்டினார். நான் கிட்டப் போனபோது என்னை நிமிர்ந்து பார்த்து, "டீச்சரம்மா, உங்க ஊட்டுக்காரருக்கு ஜொரம் வந்துச்சின்னா எம்புழு எதுக்கு சாவணும்?" என்று மட்டும் கேட்டார். வீட்டைக் காலி செய்யுங்கள் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு மனம் ஆறியிருக்கும். அதையும் சொல்லவில்லை.

6. நாங்கள் கிறிஸ்தவர்கள். ஈஸ்டருக்கு முன்வரும் லெந்து நாட்களில் விருப்பமான ஒன்றை விட்டுவிடுவது எங்கள் சபையில் வழக்கம். இந்த வருஷம் நான் காப்பியை விட்டேன். என் கணவர் பீடியை விட்டார். பட்டறையில் வெள்ளைக் கட்டை வேலை அப்போது முன்னைவிட அதிகம். தூளில் குளித்தவர் போலத்தான் தினமும் வந்தார். ஆனால் லெந்து முழுவதும் ஒரு நாள்கூடக் காய்ச்சல் இல்லை. நாங்கள் என்ன நினைத்தோம் என்று ஐயா அவர்களே யூகிக்கலாம். சபையார் அவருக்காக உபவாச ஜெபம் செய்திருந்தார்கள். ஈஸ்டர் ஆராதனையில் என் கணவர் எழுந்து நின்று, கர்த்தர் என்னைக் குணமாக்கினார் என்று சாட்சி சொன்னார். நான் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன். உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் திங்கட்கிழமை, விட்டுப்போன பீடியையெல்லாம் சேர்த்துப் பிடிப்பவர் போலப் பட்டறையில் ஆசைதீரப் பிடித்திருக்கிறார். சாயங்காலம் சைக்கிளில் ஏற முடியாமல் தள்ளிக்கொண்டு வந்தார். பாயில் சுருண்டு கிடந்து நடுங்கிக்கொண்டே, "சாராளு, நேத்து சாட்சி சொன்னது வீணாப் போச்சே" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டும் அடங்கிய பிறகுதான் யோசித்தேன். கர்த்தர் ஒரே நாளில் மனம் மாறுகிறவர் அல்லர். ஞாயிறுக்கும் திங்களுக்கும் இடையில் மாறியது பீடி ஒன்றுதான்.

7. அதன் பிறகு பட்டறையில் விசாரித்துப் பார்த்தேன். எல்லப்பன் என்பவரும் அதே கட்டையைத்தான் கடைகிறார். வெற்றிலை போடுவார், பீடி தொடமாட்டார். அவருக்குக் காய்ச்சல் வந்ததே இல்லை. சென்றாயன் என்பவர் பீடி பிடிக்கிறவர். அவருக்கும் என் கணவருக்கு வருவது போலவே சாயங்காலம் வந்து காலையில் போகிறது. ஆனால் அவர் அதை வெளியில் சொல்வதில்லை. வைத்தியரிடம் போனால் தம் வீட்டுக்கும் பம்பு வரும் என்று பயம். அவருடைய தாயாரும் புழு வளர்க்கிறவர். ஆகையால் எனக்குச் சாட்சியாக வர முடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் வற்புறுத்தவில்லை.

என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில் விஷயம் இதுதான். வெள்ளைக் கட்டை எண்ணெய் காயும் சூட்டைத் தாங்கும்; பீடி நுனியில் கனியும் நெருப்பைத் தாங்காது. விரலிலிருந்தும் பையிலிருந்தும் பீடியில் ஒட்டிய தூள் அந்த நெருப்பில் கருகி, அந்தப் புகை நெஞ்சுக்குள் போகிறது. அதனால்தான் காய்ச்சல்.

8. இதைப் பட்டறை முதலாளியிடம் சொன்னேன். அவர் கெட்டவர் அல்லர். காய்ச்சலுக்கென்று கூலி பிடித்ததில்லை. யாராவது பார்க்க வந்தால் திராவகச் சாடியில் ஊறும் ஒரு வெள்ளை வளையத்தை எடுத்துக் கழுவித் துடைத்து, புதுசு போல இருக்கிறதே என்று காட்டி மகிழ்வார். எனக்கும் அதையே காட்டி, "ஆசிட்டே இதத் தொட முடியல. இது மனுசன என்னம்மா பண்ணும்?" என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. தொழிற்சாலைகளைப் பார்வையிடுவோரை இந்தப் பக்கம் கேட்டால், சரக்கு மைசூர் ராஜ்யத்துக் கம்பெனியுடையது என்கிறார்கள். கம்பெனிக்கு எழுதினால், பட்டறை சென்னை ராஜ்யத்தில் அல்லவா இருக்கிறது என்கிறார்கள். தூள் மட்டும் எந்தச் செக்போஸ்டிலும் நிற்பதில்லை.

9. வைத்தியரிடமும் மறுபடி போனேன். அவர் சிரித்துவிட்டு, "பீடி குடிச்சா காய்ச்சல் வரும்னா இந்தத் தாலுக்காவே படுத்துக் கிடக்கணுமேம்மா" என்றார். ஈஸ்டர் செவ்வாயிலிருந்து என் கணவர் பீடியை அடியோடு விட்டுவிட்டார், அன்று முதல் காய்ச்சலும் இல்லை என்று சொன்னேன். அப்படியானால் மாத்திரை வேலை செய்திருக்கிறது, மாத்திரைக்குக் கட்டுப்பட்டதால் அது மலேரியாவேதான் என்றார். காய்ச்சல் வந்தாலும் மலேரியா, நின்றாலும் மலேரியா. அதற்கு மேல் எனக்கு வாதாடத் தெம்பில்லை.

நான் விடாமல் நின்றதைப் பார்த்து, கடைசியில் வேறொன்று கேட்டார். அந்த வெள்ளைச் சாமான் அவ்வளவு விஷமென்றால் புழுக்களைக் கொன்றதும் அதுவாக ஏன் இருக்கக்கூடாது என்றார். இதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. புழுத் தட்டுகளை அடுக்கும் சட்டத்தின் கால்களில் எறும்பு ஏறாமல் இருக்க மாரம்மா தண்ணீர்க் கிண்ணங்கள் வைப்பார். தண்ணீர் வற்றினால் எறும்பு ஏறிவிடும். என் கணவர் அளவு தவறிய வெள்ளை வளையங்கள் நாலைந்தை முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்து அந்தக் கால்களில் மாட்டிக் கொடுத்தார். எறும்புகள் அதுவரை ஏறி, அதில் கால் பாவாமல் வழுக்கி விழுந்தன. மாரம்மா சின்னப் பிள்ளை போல உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்தார். மருந்து அடிப்பதற்கு முன்னால் அந்த வளையங்களோடு இரண்டு ஈடு புழுக்கள் நல்ல கூடு கட்டி முடிந்தன. வெள்ளைக் கட்டை சும்மா இருக்கும்போது சாது. நெருப்பு பட்டால்தான் கெடுதல் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

10. இப்போது நிலைமை என்னவென்றால், மாரம்மா முன்கட்டுச் சுவர்களின் மண்ணை விரல் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண்ணும் சாணமும் பூசியிருக்கிறார். சித்திரையில் பரீட்சைக்காகக் கொஞ்சம் புழுவை விட்டுப் பார்த்தார், செத்தன. மறுபடி சுரண்டினார், மறுபடி பூசினார். இரண்டாம் முறை விட்டவை பிழைத்தன. அன்று அவர் எனக்குக் கொஞ்சம் வெல்லம் கொண்டுவந்து கொடுத்தார். இந்த நான்கு மாதமாக முசுக்கொட்டை இலையைத் தின்னப் புழு இல்லாமல் பக்கத்து வீட்டு ஆடுகளுக்கு ஒடித்துப் போட்டுவந்தார். ஜூன் பத்தாம் தேதி புதிய முட்டைகள் வருகின்றன. கடன் சொல்லித்தான் ஏற்பாடு செய்திருக்கிறார். அதே வாரத்தில் மருந்து அடிப்பவர்கள் இரண்டாம் சுற்று வருவதாகத் தண்டோரா போட்டாயிற்று. எங்கள் வீடு இன்னமும் காய்ச்சல் கண்ட வீடாகவே இருக்கிறது. இம்முறையும் அந்த அறைக்குள் பம்பு நுழைந்தால் மாரம்மாவுக்கு இன்னொரு தடவை சுவரைச் சுரண்ட உடம்பிலும் தெம்பில்லை, மனத்திலும் இல்லை. பெங்களூரில் வீட்டு வேலைக்குப் போய்விடுவேன் என்கிறார். அவருக்கு வயது அறுபதை நெருங்குகிறது.

நாங்களே வீட்டைக் காலி செய்தால் சரியாகிவிடுமா என்றும் கேட்டுவிட்டேன். ஆள் போனாலும் வீடு கணக்கில் இருக்குமாம்.

11. நஷ்டஈடு கேட்டு இம்மனு எழுதப்படவில்லை. மலேரியாவை ஒழிக்கும் வேலைக்கு நாங்கள் விரோதிகளும் அல்ல. எங்கள் பாடசாலையில் அந்தக் காய்ச்சலில் போன பிள்ளைகளின் பெயர்களை வருகைப் பதிவேட்டில் நான் அடித்திருக்கிறேன். பின்கட்டில் எங்கள் சுவர் முழுதும் அடித்துக்கொள்ளட்டும். முன்கட்டுப் புழு அறையை மட்டும் விட்டுவிட ஐயா அவர்கள் ஓர் உத்தரவு போட்டால் போதும். கூடவே, வெள்ளைக் கட்டை கடையும் இடத்தில் பீடி, சிகரெட் கூடாது என்றும், கை கழுவிச் சட்டை மாற்றிய பிறகே வெளியில் போய்ப் பிடிக்க வேண்டும் என்றும் முதலாளிக்கு ஒரு வார்த்தை எழுதினால், சென்றாயனைப் போன்றவர்கள் காய்ச்சலை மறைக்க வேண்டியிராது.

12. இனி எழுதுவதை எழுத எனக்கு மனமில்லை, எழுதாமலும் முடியவில்லை. எங்கள் வீட்டைக் கணக்கிலிருந்து எடுக்க வைத்தியர் ஒருவர்தான் கையெழுத்துப் போட முடியுமாம். அவர் முடிவாகச் சொன்னது, "நீங்க சொல்றது நெசம்னா என் கண்ணு முன்னால காய்ச்சல் வரட்டும், பார்த்துட்டுப் போடறேன்" என்பதே. அதைக் கேட்டு வந்து சொன்னது முதல் என் கணவர் ஒரே பிடியாக இருக்கிறார். வைத்தியர் பார்க்க, அந்தத் தூள் ஒட்டிய கையால் பீடி எடுத்துப் பிடித்துக் காட்டுவதாகச் சொல்கிறார். ஈஸ்டர் திங்களன்று வந்த காய்ச்சலில் அவர் மூச்சு விட்ட விதத்தை நான் பார்த்தேன். வரவர மார்பின் இறுக்கம் அதிகமாகித்தான் வந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது. கூடவே கூடாது என்று இத்தனை நாளும் மறுத்துவந்தேன். அவர் என்னோடு சண்டை போடவில்லை. மாரம்மா சுவர் சுரண்டும்போது கூடப் போய் நின்று சுரண்டினார்.

ஆகையால், உத்தரவு போடுவதற்குத் தங்களுக்கும் அத்தாட்சி தேவைப்படுமானால், ஜூன் பத்தாம் தேதிக்கு முன்னால் ஏதாவது ஒரு நாளைத் தாங்களே குறித்து, வைத்தியரையும் வரச்சொல்லித் தெரிவிக்க வேண்டும். என் கணவர் காலையில் நல்ல உடம்போடு தங்கள் அலுவலகத்துக்கு வந்து அந்தப் பீடியைப் பிடிப்பார். சாயங்காலம் வரை யாராவது ஒருவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும். நான் பாடசாலைக்கு லீவு சொல்லிவிட்டு, ஒரு கம்பளியோடு அவருடன் வருகிறேன். இதற்கு நான் இன்று சம்மதித்துவிட்டேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

மத்திகிரி,
28-5-1959.

தங்கள் தயவை எதிர்பார்க்கும்,
அ. சாராள்

மேலே கண்டதற்கு என் முழுச் சம்மதம்:
அற்புதராஜ்

வீட்டுச் சொந்தக்காரர் மாரம்மா, இடது கைப் பெருவிரல் ரேகை. (பன்னிரண்டாவது பாராவை அவருக்கு நான் படித்துக் காட்டவில்லை. தெரிந்தால் ரேகை வைக்கமாட்டார்.)